குற்றவாளி யார்? – கிரேக்கப் பேரமைச்சர் திரிக்கூப்பிஸ்

கிரேக்க நாடு என்றவுடன் நம் நினைவு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு அப்பாற் பறந்துவிடுகிறது. நஞ்சுண்டு மாண்ட சாக்ரட்டீசையும், ஏதென்ஸ் நகரை அணிசெய்த பெரிக்கிளீசையும், உலகை வெல்லப் புறப்பட்ட அலெக்சாந்தரையும் அறியாத மாணவர் இலர். ஆயின், அந்நாடு பின்னர் யாதாயிற்று? பலநூறு ஆண்டுகள் துருக்கியரின் ஆட்சியில் அடங்கிக் கிடந்த அம்மக்கள் மறுபடியும் தலைநிமிர்ந்தது எவ்வாறு? விடுதலை பெற்றபின் தங்கள் வீட்டைத் தாங்களே ஒழுங்குசெய்யத் தெரிந்ததா? இவ்வினாக்களை நாம் கேட்பதே அரிது. பழம் பெருமையைப் போற்றத் தெரிந்த அளவுக்குப் பிற்காலத்து உழைப்பை மதிக்கத் தெரியாமை உலகெங்கும் காணப்படும் குறை.

அவ்விரண்டாம் வரலாற்றில் முதலில் வைத்து எண்ணத்தக்க பெயர் கரிலாவோஸ் திரிக்கூப்பிஸ் என்பது. ஏழுமுறை பிரதம மந்திரியாக இருந்தவர். மன்னரை எதிர்த்து எழுதிச் சிறை புகுந்தவர். மலையைப் பிளந்து கடலோடு கடலை இணைத்த காலத்தின் தலைவர். முடிவில் தம் நாடு கடனை அடைக்க வழியற்று நொடித்துவிட்டதென்று உலகுக்கு அறிவிக்க நேர்ந்தவர். இவர் அரசியற் குடும்பத்திற் பிறந்தவர். புகழ்பெற்ற தந்தையின் பெயர் மகனுக்குச் செல்வமா, சுமையா என்னும் கேள்விக்கும் இவர் வாழ்க்கை ஒரு விடை தருகின்றது.

தந்தையும் மாமனும்

மேற்குக் கிரேக்கத்தில் உப்பங்கழியின் ஓரத்தில் மிசொலோங்கி என்னும் சிற்றூர் உளது. கிரேக்க விடுதலைப் போர் 1821-ஆம் ஆண்டிற் றொடங்கியபோது, இச்சிற்றூர் பெரும்பேர் பெற்றது. துருக்கியர் அதனை மீண்டும் மீண்டும் முற்றுகையிட்டனர். பசியால் மெலிந்த மக்கள் 1826-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நள்ளிரவில், கோட்டையைத் திறந்துகொண்டு பகைவர் வரிசையினூடே பாய்ந்தனர். தப்பினோர் சிலர், மடிந்தோர் பலர். ஆங்கிலக் கவிஞர் பைரன் கிரேக்கருக்குத் துணையாக வந்து, 1824-ஆம் ஆண்டில் உயிர் துறந்ததும் அவ்வூரில்தான். பைரனின் உடலின் முன்னே நின்று இரங்கலுரை ஆற்றியவர் அவ்வூர்த் தலைவர் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்பிரிதோன் திரிக்கூப்பிஸ். இவரே நம் கட்டுரைத் தலைவரின் தந்தை.

ஸ்பிரிதோன் கற்றறிந்தவர். சாக்கிந்தோஸ் தீவில் இத்தாலிய மொழியிற் கவி பாடிக்கொண்டிருந்த இளைஞர் சொலொமோசைக் கண்டு, தாய்மொழியாகிய கிரேக்கத்திற் பாடுமாறு தூண்டியவர் அவர். அவ்விளைஞர் பின்னர் எழுதிய விடுதலைப் பாட்டே இன்று கிரேக்க நாட்டின் தேசிய கீதமாக விளங்குகின்றது. அயல்மொழி மோகத்தில் அமிழ்ந்திருந்த ஒரு கவிஞரைத் தன் மொழிக்கு மீட்டுத் தந்த ஒரு செயலுக்காகவே ஸ்பிரிதோனை நாம் வணங்கலாம். விடுதலைக்குப்பின் பவேரிய நாட்டு இளவரசராகிய ஒத்தோ மன்னராக வந்தபோது, 1833-இல் மந்திரிசபைத் தலைவராக இருந்தவரும் அவரே. பின்னர் இலண்டனில் நெடுங்காலம் கிரேக்கத் தூதராக அமர்ந்து, விடுதலைப் போரின் வரலாற்றை நான்கு பாகங்களில் எழுதி வெளியிட்டார்.

தாய்வழியும் சிறியதன்று. தாயாரின் உடன்பிறந்தார் அலெக்சாந்திரோஸ் மவ்ரோகொர்தாத்தோஸ். விடுதலைப் போரின் தொடக்கத்திற் கூடிய முதற் றேசிய சபைக்குத் தலைமை தாங்கியவர். பின்னர்ப் பன்முறை பிரதம மந்திரியானவர். இங்ஙனம் தந்தை ஒரு பிரதமர், மாமன் ஒரு பிரதமர் என்னும் குடும்பத்தில், அந்நாளைத் தலைநகராகிய நவ்பிளியோவில், 1832-ஆம் ஆண்டில் கரிலாவோஸ் பிறந்தார்.

இத்தகைய பிறப்பு ஒருவனைச் சோம்பனாக்கவும் கூடும். தந்தை நட்ட மரத்தின் நிழலிற் படுத்துக்கொண்டு, கனி தானாக வாயில் விழும் என்று காத்திருந்த பிள்ளைகளை எந்நாட்டு வரலாறும் காட்டும். கரிலாவோஸ் அவ்வழியிற் செல்லவில்லை. ஏதென்சிலும் பாரிசிலும் சட்டம் பயின்றார். பின்னர் இலண்டன் தூதரகத்தில், தந்தையின்கீழ்ச் செயலாளராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தார்.

இலண்டனிற் கற்ற பாடம்

ஆங்கில நாட்டில் அவர் கழித்த ஆண்டுகள் அவர் அறிவை உருவாக்கின. அரசி முடி சூடியிருக்கிறாள். ஆயினும் ஆள்பவர் மந்திரிகள். அம்மந்திரிகளோ, மக்கள் சபையிற் பெரும்பான்மை உள்ளவரை ஆள்கின்றனர். பெரும்பான்மை போனால் வீட்டுக்குச் செல்கின்றனர். வென்ற கட்சி ஆள, தோற்ற கட்சி எதிரே அமர்ந்து குறை கூறுகின்றது. இவ்வேற்பாட்டை அவர் ஏட்டிற் படித்ததோடு நில்லாமல் கண்ணாற் கண்டார். அவரது அளந்த பேச்சையும், குளிர்ந்த நடையையும், வேளை தவறா ஒழுங்கையும் பார்த்த கிரேக்கர் பின்னாளில் அவரை ‘ஆங்கிலேயர்’ என்றே பட்டப்பெயரிட்டு அழைத்தனர்.

1815 முதல் பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த அயோனியத் தீவுகளைக் கிரேக்கத்துக்கு விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை 1864-இல் இலண்டனிற் கைச்சாத்தாயிற்று. கிரேக்கத்தின் சார்பில் அதனைப் பேசி முடித்தவர் முப்பத்திரண்டு வயதுகூட நிரம்பாத கரிலாவோஸ். அடுத்த ஆண்டிற் சட்டசபை உறுப்பினரானார். 34-ஆம் வயதில், குமுந்துரோஸ் என்பவரின் மந்திரிசபையில் வெளிநாட்டு மந்திரியானார். 1867-இல் செர்பியாவோடு கூட்டுறவு உடன்படிக்கை ஏற்படுவதற்குக் காரணமாயிருந்தார்.

ஆயின் அவ்வாண்டின் முடிவில் ஒரு பேரிடி விழுந்தது. கிரேத்தத் தீவில் துருக்கியருக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. மன்னருக்கும் மந்திரிசபைக்கும் கருத்து வேறுபட்டது. சட்டசபையிற் குமுந்துரோசுக்குப் பெரும்பான்மை இருந்தும், மன்னர் அவரை விலக்கி, பெரும்பான்மை இல்லாத வேறொருவரை ஆட்சியில் அமர்த்தினார். மக்கள் தேர்ந்தெடுத்த சபை எதற்கு, மன்னரின் விருப்பம் எதற்கு என்னும் கேள்வி அன்றே திரிக்கூப்பிஸ் உள்ளத்திற் பதிந்தது.

நிற்க, அந்நாளைய நிலையைச் சிறிது விளக்க வேண்டும். ஒத்தோ மன்னரை மக்கள் 1862-இல் நாட்டைவிட்டே அனுப்பிவிட்டனர். அவர்க்குப்பின் டென்மார்க்கு நாட்டு இளவரசர் ஒருவர் ஜார்ஜ் என்னும் பெயரோடு அரசரானார். 1864-இல் ஏற்பட்ட அரசியல் சட்டம் ஆடவர் யாவர்க்கும் ஏறத்தாழ வாக்குரிமை அளித்தது. அந்நாளில் ஐரோப்பாவின் பெரிய நாடுகள் பலவற்றிலும் இல்லாத உரிமை அது. ஒவ்வொரு வேட்பாளனுக்கும் ஒரு பெட்டி. பெட்டியின் ஒருபுறம் வெண்மை, மறுபுறம் கருமை. வாக்காளன் ஓர் ஈயக் குண்டை உள்ளே விடுவான். வெண்புறம் விழுந்தால் வேண்டும் என்றும், கரும்புறம் விழுந்தால் வேண்டாம் என்றும் பொருள்.

சட்டம் நன்று, நடைமுறையோ சீர்கெட்டிருந்தது. ஊர்தோறும் ஒரு தலைவன், தலைவன்தோறும் ஒரு கூட்டம். மன்னர் யாரை வேண்டுமாயினும் அழைத்து மந்திரிசபை அமைக்கச் சொல்வார். அழைக்கப்பட்டவனுக்குச் சபையிற் பெரும்பான்மை இராது. உடனே சபையைக் கலைப்பான். போலீசையும் அதிகாரிகளையும் ஏவித் தேர்தலை நடத்துவான். பெரும்பான்மையை ‘உண்டாக்கிக்’ கொள்வான். 1870-க்கும் 1875-க்கும் இடையே நான்கு தேர்தல்களும் ஒன்பது மந்திரிசபைகளும் வந்து போயின. மந்திரி மாறுந்தோறும் அலுவலகச் சேவகன் முதற் பள்ளி ஆசிரியர் வரை மாற்றப்பட்டனர். இந்நிலையில் நாடு எவ்வாறு உருப்படும்?

சிறை புகுந்த கட்டுரை

1874-ஆம் ஆண்டின் நடுவில் வுல்காரிஸ் என்பவர் இத்தகைய தேர்தல் ஒன்றை நடத்தி முடித்திருந்தார். அப்போது ஏதென்சில் வெளிவந்த ‘கைரோய்’ என்னும் பத்திரிகையில் ஆசிரியர் பெயரில்லாத ஒரு கட்டுரை தோன்றிற்று. அதன் தலைப்பு: ‘குற்றவாளி யார்?’

நாடு சீரழிந்ததற்குக் குற்றவாளி மக்களா? அன்று. சட்டமா? அதுவும் அன்று. சபையிற் பெரும்பான்மை இல்லாதாரைத் தம் விருப்பப்படி அழைத்து ஆட்சியில் அமர்த்தும் மன்னரின் வழக்கமே நோயின் வேர் என்று அக்கட்டுரை வாதித்தது. பெரும்பான்மை பெற்றவரையே ஆளவிடுவது என்று மன்னர் உறுதிகொண்டால், சிதறிக் கிடக்கும் சிறு கூட்டங்கள் தாமே ஒன்றுகூடி இரு பெருங் கட்சிகளாகும். அல்லாக்கால் மக்கள் புரட்சிக்குத் தள்ளப்படுவர் என்பது அதன் முடிவு.

அரசாங்கம் சினந்தெழுந்தது. பத்திரிகை ஆசிரியரைக் கைதுசெய்தது. பெயர் வெளியிடாமல் எழுதியவன் மறைந்திருக்கலாம். உண்மையை அறிந்தோர் சிலரே. ஆயின் தம் எழுத்திற்காகப் பிறனொருவன் துன்புறுவதைத் திரிக்கூப்பிஸ் பொறுக்கவில்லை. எழுதியவன் நானே என்று தாமே முன்வந்து ஒப்புக்கொண்டார். சில நாள் சிறையில் வைக்கப்பட்டுப் பின்னர்ப் பிணையில் விடப்பட்டார். வழக்கிலும் விடுதலை பெற்றார்.

இரண்டு பிரதமர்களின் குருதியைத் தம் உடலிற் கொண்டவர், அரண்மனையின் அருளாலேயே எளிதில் உயர்ந்திருக்கலாம். அவ்வாயிலைத் தம் கையாலேயே அடைத்துவிட்டு, சிறை வாயிலின் வழியே அவர் அரசியலின் முன்வரிசைக்கு வந்தார். அவர் தந்தையின் பெயரால் அறியப்பட்ட காலம் அன்றோடு முடிந்தது.

மன்னர் ஜார்ஜ் அறிவுள்ளவர். காற்று எப்பக்கம் வீசுகிறது என்பதைக் கண்டார். எந்தக் கட்டுரை தம்மைக் குற்றவாளி என்றதோ, அதனை எழுதியவரையே 1875-இல் அழைத்துப் பிரதம மந்திரியாக்கினார். திரிக்கூப்பிஸ் தேர்தலை நடத்தினார். அதிகாரிகளின் தலையீடு இன்றி, நேர்மையாக நடந்த தேர்தல் அது. விளைவு யாது? அவரே தோற்றார்! ஆயினும் ஆகஸ்டு மாதத்திற் புதிய சபையைத் திறந்துவைத்து மன்னர் படித்த உரை அவர் எழுதிக் கொடுத்தது. சபையின் பெரும்பான்மையோர் நம்பிக்கையைப் பெற்றவரையே இனி ஆட்சிக்கு அழைப்பேன் என்று மன்னர் அதில் வாக்களித்தார். தாம் வகுத்த கோட்பாட்டின்படியே திரிக்கூப்பிஸ் சின்னாளிற் பதவியைத் துறந்தார். தேர்தலில் தோற்றவர் கொள்கையில் வென்றார்.

ஆக்கம்

அதன்பின் 1878-இல் சில நாளும், 1880-இல் சில மாதங்களுமே ஆட்சியில் இருந்தார். 1881-இல் வல்லரசுகளின் நடுவீட்டால் தெஸ்ஸலி என்னும் வளம் மிக்க நிலப்பகுதி கிரேக்கத்தோடு சேர்ந்தது. 1882 முதல் 1885 வரையும், 1886 முதல் 1890 வரையும் அவர் தொடர்ந்து ஆண்ட காலமே அவர் வாழ்வின் நண்பகல்.

அந்நாளைக் கிரேக்கர் உள்ளத்தை ஆட்டிப் படைத்த எண்ணம் ஒன்றுண்டு. துருக்கியரின் ஆட்சியில் இன்னும் வாழும் கிரேக்கர் அனைவரையும் ஒரே நாட்டின்கீழ்க் கொணர வேண்டும் என்பதே அது. அதனைப் ‘பெருங் கருத்து’ என்று அழைத்தனர். திரிக்கூப்பிசும் அதனை விரும்பாதவர் அல்லர். ஆயின், சாலையில்லாத நாடு படையை எவ்வாறு நகர்த்தும்? பணமில்லாத நாடு கப்பலை எவ்வாறு வாங்கும்? முதலில் வீட்டைக் கட்டு, பின்னர் வேலியைத் தள்ளிப்போடு என்பதே அவர் கொள்கை.

எனவே கட்டத் தொடங்கினார். 1869-இல் ஏதென்சையும் பிரேயசுத் துறைமுகத்தையும் இணைத்த சிறு இரயில் பாதையே நாட்டில் இருந்த ஒரே இரயில். பத்துக் கிலோமீட்டருங்கூட இல்லை. திரிக்கூப்பிஸ் காலத்திற் றொடங்கிய வேலைகளால், அந்நூற்றாண்டின் முடிவுக்குள் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் இரும்புப்பாதை அமைந்தது. மலைநாட்டில் செலவு குறையவேண்டி, பெரும்பாலான பாதைகளை ஒரு மீட்டர் அகலத்தில் அமைத்தனர். பெலொப்பொனேசின் திராட்சைத் தோட்டங்களும் தெஸ்ஸலியின் கோதுமை வயல்களும் துறைமுகங்களை எட்டின.

கொரிந்துக் கால்வாயின் வரலாறு தனியே கூறத்தக்கது. கிரேக்க நாட்டின் வடபகுதியையும் பெலொப்பொனேசையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்தை வெட்டி, இரு கடல்களையும் சேர்க்கவேண்டும் என்று பண்டைக் காலத்திலேயே எண்ணினர். உரோமப் பேரரசன் நீரோ வேலையைத் தொடங்கவும் செய்தான், முடியவில்லை. பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப்பின், 1882-இல் மறுபடியும் அவ்விடத்திற் பாறையை உடைத்தனர். அங்கேரி நாட்டுத் தளபதி தூர் என்பவர் அமைத்த கம்பெனி இடையிற் பணமின்றிக் கவிழ்ந்தது. கிரேக்கக் கம்பெனி ஒன்று ஏற்று 1893-இல் முடித்தது. ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம். இருபுறமும் செங்குத்தாக உயர்ந்த சுண்ணாம்புப் பாறை. நீர்மட்டத்தில் 25 மீட்டருக்கும் குறைந்த அகலம். பெலொப்பொனேசைச் சுற்றிச் செல்ல வேண்டிய கப்பல்களுக்குப் பல நூறு கிலோமீட்டர் வழி மிச்சமாயிற்று.

படையையும் அவர் மறக்கவில்லை. தரைப்படையைப் பயிற்றப் பிரெஞ்சு நாட்டுத் தளபதிகளை வரவழைத்தார். இத்ரா, ஸ்பெத்சை, ப்சாரா என்னும் மூன்று போர்க்கப்பல்களைப் பிரான்சிற் கட்டுவித்தார். விடுதலைப் போரில் கடலிற் போரிட்ட மூன்று தீவுகளின் பெயர்கள் அவை. சட்டசபை உறுப்பினரின் எண்ணிக்கையை 1886-இல் 245-லிருந்து 150-ஆகக் குறைத்துத் தொகுதிகளைப் பெரிதாக்கினார். சிறு தொகுதியில் ஊர்ப் பெரியவனே அரசனாகிவிடுகிறான். தொகுதி விரிந்தால் அவன் பிடி தளரும் என்பது அவர் கணக்கு. அரசாங்க வேலைக்குத் தகுதி வேண்டும் என்றும் விதித்தார். வேலை கேட்டு வாயிலில் நின்ற கூட்டம் அவரை வெறுக்கத் தொடங்கியதில் வியப்பென்ன?

எதிர்க்கட்சித் தலைவர் தெலியான்னிஸ் மக்களின் நாடி அறிந்தவர். திரிக்கூப்பிஸ் எதை ஆக்கினாலும் அதனை மறுப்பதே தம் கொள்கை எனக் கொண்டார். வரியைக் குறைப்பேன், போருக்குச் செல்வேன் என்னும் இரண்டு வாக்குறுதிகளையும் ஒரே மூச்சிற் கூறுவார். 1885-இல் அவர் ஆட்சிக்கு வந்தார். பல்கேரியா தன் எல்லையை விரித்ததைக் கண்டு படையைத் திரட்டினார். வல்லரசுகள் கப்பல்களை அனுப்பிக் கிரேக்கத் துறைமுகங்களை மறித்தன. வெறும் படைதிரட்டலிலேயே கருவூலம் வறண்டது. 1886-இல் மீண்டும் வந்த திரிக்கூப்பிஸ் படையைக் கலைத்து, அச்செலவையும் தம் தலையிற் சுமந்தார்.

கடனும் வரியும்

இனி, அவர் வீழ்ச்சிக்கு வருவோம். அன்பு மிகுதியால் ஒருவரின் குறையை மறைப்பது வரலாறு ஆகாது.

இரயிலும் சாலையும் கப்பலும் பணத்தால் ஆவன. நாட்டிற் பணமில்லை, எனவே இலண்டனிலும் பாரிசிலும் கடன் வாங்கினார். கடன் பத்திரத்தில் எழுதிய தொகை ஒன்று. கழிவு போகக் கைக்கு வந்த தொகை வேறு. வட்டியோ எழுதிய தொகைக்கு. வட்டியைக் கட்டப் புதுக்கடன், புதுக்கடனின் வட்டிக்கு வரி என்று வட்டம் சுழன்றது. மண்ணெண்ணெய், தீப்பெட்டி, உப்பு, சீட்டுக்கட்டு, சிகரெட்டுத் தாள் ஆகியவற்றை அரசாங்கத்தின் ஏகபோக வியாபாரமாக்கினார். புகையிலைக்கும் மதுவுக்கும் வரி ஏறிற்று. விளக்கேற்றும் எண்ணெய்க்கும் உணவிலிடும் உப்புக்கும் விலையேறினால், அதன் சுமை மாளிகையைவிடக் குடிசையிலன்றோ மிகுதியாக விழும்? தெஸ்ஸலியிற் பெரும் பண்ணைகளை வாங்கிய செல்வரின் நிலத்தில் அவர் கைவைக்கவில்லை. வெளிநாடுகளில் வாழ்ந்த கிரேக்கச் செல்வரின் முதல் நாட்டிற்கு வரவேண்டும் என்பதற்காக அவர்களை அணைத்துச் சென்றார். அவர்கள் நிலத்தில் உழுத குத்தகைக் குடியானவனோ கைவிடப்பட்டான். ஏழையின் கண்கொண்டு பார்ப்பார்க்கு இது பெருங்குறையே.

இந்நிலையில் நாட்டின் கைமுதலே ஒரு சிறு கனியை நம்பியிருந்தது. கொரிந்து நகரின் பெயரையே ஐரோப்பிய மொழிகளிற் றாங்கிய கருநிறச் சிறு திராட்சை வற்றல் அது. கிரேக்க ஏற்றுமதியின் பெரும்பகுதி அதுவே. 1870-களிற் பிரெஞ்சு நாட்டுத் திராட்சைக் கொடிகளைப் பூச்சி அரித்தபோது, மது வடிப்பதற்காகப் பிரெஞ்சுக்காரர் இக்கனியை வாரி வாங்கினர். விலை ஏறவே, பெலொப்பொனேசு மக்கள் ஒலிவ மரங்களையும் வெட்டிவிட்டுத் திராட்சை நட்டனர். பின்னர்ப் பிரெஞ்சுத் தோட்டங்கள் நோய்நீங்கித் தழைத்தன. பிரான்சு 1892-இற் கடுஞ்சுங்கம் விதித்தது. அடுத்த ஆண்டில் விலை சரிந்தது. ஒற்றைப் பயிரை நம்பிய நாட்டின் கதை அந்நாளிற் கிரேக்கத்தில் நடந்தது. ரப்பர் விலையின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் கண்ட மலாய் நாட்டு மக்களுக்கு அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அயல்நாட்டு நாணயம் வரவில்லை. புதுக்கடன் தருவாரும் இல்லை. 1893-ஆம் ஆண்டு திசம்பரில் திரிக்கூப்பிஸ் சட்டசபையில் எழுந்து நின்று, கடனுக்கு முழு வட்டியும் செலுத்த இயலாது என்பதை அறிவித்தார். ‘கேடுகாலமாக, நாம் நொடித்துப்போனோம்’ என்று அவர் கூறியதாக மரபு வழங்குகிறது. கிரேக்கப் பள்ளிப் பிள்ளையும் அறிந்த சொற்றொடர் அது.

வள்ளுவர் நல்லரசின் இலக்கணம் கூறும்போது, பொருள் வரும் வழியை உண்டாக்குதலையும் சேர்த்தலையும் காத்தலையும் தக்கவாறு பங்கிடுதலையும் சேர்த்து எண்ணினார். திரிக்கூப்பிஸ் முதலாவதில் வல்லவர். பின்னவற்றிற் காலமும் கடன்காரரும் அவரை வென்றுவிட்டனர்.

கரும்புறம் விழுந்த குண்டுகள்

1895-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வரிச்சுமையை எதிர்த்து ஏதென்சிற் பொதுக்கூட்டம் கூடிற்று. அதனைப் பற்றிய அரசாங்கத்தின் ஏற்பாட்டில் முடியிளவரசர் கொன்ஸ்தந்தீன் தலையிட்டார். அரண்மனை ஆட்சியிற் றலையிடலாகாது என்பது திரிக்கூப்பிசின் இருபதாண்டுக் கொள்கை. அவர் பதவியை உதறினார். பின்வந்த தேர்தலில் அவர் கட்சி படுதோல்வி அடைந்தது. அதனினும் பெரிய அடி, தந்தையின் ஊராகிய மிசொலோங்கியிலேயே அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் பெட்டியிற் குண்டுகள் கரும்புறமே குவிந்தன. முற்றுகையின் புகழ் படைத்த அவ்வூர், தன் மைந்தனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திற்று.

அவர் குற்றம் சாட்டவில்லை. தேர்தலிற் சூழ்ச்சி என்று புலம்பவில்லை. அரசியலைவிட்டு விலகிப் பிரான்சின் தென்கரையில் உள்ள கான் நகருக்குச் சென்றார். மணம் செய்துகொள்ளாத அவருக்குக் குடும்பம் என்று இருந்தது தமக்கு உற்ற துணையாய், வருவோரை வரவேற்று வீட்டை நடத்திய உடன்பிறந்தாள் சோபியா ஒருவரே. 1896-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள், தம் 63-ஆம் வயதில், அங்கே உயிர் நீத்தார்.

அந்நாளில் ஏதென்ஸ் எவ்வாறிருந்தது? நகரெங்கும் கொடியும் தோரணமும்! புத்துயிர் பெற்ற ஒலிம்பிக் விளையாட்டின் முதல் விழா நடந்துகொண்டிருந்தது. நொடித்த நாட்டுக்கு அத்தகைய செலவு தகாது என்று தடுத்தவர் திரிக்கூப்பிஸ். மரத்தோன் ஓட்டத்தில் கிரேக்கன் ஒருவன் வென்றதை மக்கள் கொண்டாடி ஒரு நாளே ஆகியிருந்தது. ஆரவாரத்தின் நடுவே தொலைவிலிருந்து அச்செய்தி வந்தது.

முடிவு

அவர் மறைந்த மறு ஆண்டே தெலியான்னிசின் ஆட்சியில் கிரேக்கம் துருக்கியோடு போரில் இறங்கியது. முப்பது நாளிற் றோற்றது. 1898-இல் வல்லரசுகளின் பொருளாதாரக் குழு ஒன்று ஏதென்சில் வந்தமர்ந்து, கடனுக்காக ஏகபோக வருமானங்களையும் சுங்கத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. நொடித்ததை ஒப்புக்கொண்டவரைத் துரத்திய நாடு, வீரம் பேசியவரின்கீழ் அதனினும் பெரிய தாழ்வை அடைந்தது. தெலியான்னிசோ 1905-இல், சூதாட்ட விடுதிகளை மூடியதற்காக ஒரு சூதாடியின் கத்திக்கு இரையானார். கொடிய முடிவு அது.

ஆயினும் திரிக்கூப்பிஸ் இட்ட அடிப்படை அழியவில்லை. 1912-இல் வெனிசெலோஸ் என்னும் பிரதமரின் ஆட்சியிற் பால்கன் போர் மூண்டபோது, அம்மூன்று பழைய கப்பல்களும் கடற்போரிற் கலந்துகொண்டன. பெரும்பான்மை உள்ளவரே ஆளவேண்டும் என்னும் விதி பலமுறை மீறப்பட்டும் மறக்கப்படவில்லை. கொரிந்து வளைகுடாவின் வாயிலில் ரியோ, அந்திரியோ என்னும் இரு கரைகளையும் பாலத்தால் இணைக்கவேண்டும் என்று அவர் கண்ட கனவைச் சமகாலத்தார் வீண்பேச்சு என்றனர். நூறாண்டுக்கு மேற்பட்ட பின், 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 2,880 மீட்டர் நீளமுள்ள அப்பாலம் திறக்கப்பட்டது. அதற்குக் கரிலாவோஸ் திரிக்கூப்பிஸ் பாலம் என்றே பெயர். அதனை முதலிற் கடந்து சென்றோர், ஏதென்சில் நடக்கவிருந்த ஒலிம்பிக் விளையாட்டின் தீவட்டியை ஏந்திய ஓட்டக்காரர்கள்!

அவர் ஒருகால் நாட்டைப் பார்த்துக் கேட்ட கேள்வியை, நாடு பின்னர் அவரைப் பார்த்துக் கேட்டது: குற்றவாளி யார்? கடன் மிகுதியாக வாங்கியவர் அவர். வரி மிகுதியாக விதித்தவர் அவர். அவ்வரி ஏழையை வாட்டியதும் உண்மை. ஆயின், படைதிரட்டிப் பணத்தை இறைத்தவரும், வரியும் வேண்டாம் இரயிலும் வேண்டும் என்று கேட்டவரும், கனியின் விலை என்றும் ஏறும் என்று நம்பியவரும் அக்குற்றத்திற் பங்குடையர் அல்லரோ?

அன்பர்காள்! தலைவர்களின் பிள்ளைகள் தலைவர்களாவதை நாம் எங்கும் காண்கிறோம். பிறப்பைக் கொண்டு ஒருவரை ஏற்பதும் தவறு. பிறப்பைக் கொண்டே ஒருவரைத் தள்ளுவதும் தவறு. தந்தையின் பெயரை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்று பார்க்க வேண்டும். திரிக்கூப்பிஸ் தாம் எழுதியதற்குத் தாமே சிறை சென்றார். தாம் நடத்திய நேர்மையான தேர்தலிற் றோற்றபோது பதவியை விட்டிறங்கினார். கருவூலம் வெறுமையானபோது அதனை மக்கள் முன்னே மறைக்காமற் கூறினார். கணக்கை மறைக்காத தலைவனையே மக்கள் கணக்குக் கேட்க முடியும். அத்தகையவரை ஆட்சியில் அமர்த்துவதும், அமர்த்தியபின் விழிப்போடு கணக்குக் கேட்பதும் வாக்குரிமை பெற்ற மக்களின் கடமையாகும்.